கண்ணாடிப் பேழையில் உள்ளூர்ப் பெயர்கள்

தென் கரோலைனா மாநிலத்தில் லேக் சிட்டி என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டில் ஒரு நாள், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அந்த ஊர்ப் பொது நூலகத்துக்குத் தனியாக நடந்துபோய், தனக்கு வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். கறுப்பர்களுக்கு இங்கே புத்தகம் கொடுப்பதில்லை என்றார் நூலகர். சிறுவன் திரும்பிப் போகவில்லை. பதிவு மேசையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். காவலர்கள் வரவழைக்கப்பட்டார்கள், தாயாரும் பதறி ஓடிவந்தார். புத்தகத்தைக் கொடுத்துவிட்டால்தான் என்ன என்று காவலரே கேட்ட பிறகு, தாயார் பொறுப்பேற்க, புத்தகங்கள் அவன் கைக்கு வந்தன. அந்தச் சிறுவனின் பெயர் ரொனால்டு மெக்நேர். அவர் 1976-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார்; லேசர் ஆய்வில் பெயர் பெற்றார்; 1984-இல் விண்வெளிக்குச் சென்று, அங்கு சென்ற இரண்டாவது ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார்; 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியபோது மற்ற ஆறு பேருடன் உயிரிழந்தார். அவருக்குப் புத்தகம் தர மறுத்த அதே கட்டடம் 2011 முதல் அவருடைய வாழ்க்கை வரலாற்றைக் காட்சிப்படுத்தும் மையமாக, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஓர் ஊர் தன் கறுப்பினச் சாதனையாளரை நூலகத்தில் வைத்துப் போற்றுவதன் பொருளை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் பிள்ளைகளைக் கதை நேரத்துக்கு அழைத்துப் போகும் கிளை நூலகங்களில், கறுப்பின வரலாற்று மாதமாகக் கொண்டாடப்படும் பிப்ரவரி பிறந்ததும் வாசலருகே ஒரு காட்சி ஏற்பாடாவதைக் கண்டிருப்பார்கள். கறுப்பின விடுதலைக்கும் உரிமைக்கும் போராடிய மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ், ஹேரியட் டப்மன் ஆகியோரின் படங்கள் பெரும்பாலும் அங்கே இருக்கும். அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படங்களை நாட்டின் எந்த நூலகமும் விலைக்கு வாங்கி ஒட்டிவிட முடியும். அதே ஊரில் அறுபது ஆண்டுகளுக்கு முன் மருத்துவம் பார்த்த பெண்மணியின் படத்தையும், அந்த ஊரின் முதல் கறுப்பின நகர்மன்ற உறுப்பினரின் தேர்தல் துண்டறிக்கையையும், தேவாலய வளாகத்தில் இரவுப் பள்ளி நடத்திய ஆசிரியரின் கையெழுத்துப் படிந்த வருகைப் பதிவேட்டையும் அந்த ஊர் நூலகத்தைத் தவிர வேறு யாரும் காட்ட முடியாது. இந்த மரபின் உயிர் 'உள்ளூர்' என்ற சொல்லில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அது எப்படி உருவானது என்பதைப் பார்த்தால் ஏன் அப்படி என்பதும் விளங்கும்.

பிப்ரவரிக் கொண்டாட்டத்தைத் தொடங்கிவைத்தவர் கார்ட்டர் வுட்சன். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1875-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர்; இளமையில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர். சுரங்கத் தொழிலாளிகளில் ஆலிவர் ஜோன்ஸ் என்றொருவர் இருந்தார். உள்நாட்டுப் போரில் படைவீரராக இருந்த அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கறுப்பினத்தவரின் வரலாற்றைச் சொல்லும் புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் வாங்கி வீட்டில் சேர்த்துவைத்திருந்தார். வேலை முடிந்த மாலைகளில் தொழிலாளர்கள் அங்கே கூடுவார்கள். படிக்கத் தெரிந்த வுட்சன் அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். வுட்சனின் முதல் நூலகம் அந்தத் தொழிலாளியின் வீடுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. பிறகு 1912-இல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அப்பட்டம் பெற்ற கறுப்பினத்தவரில் சமூகவியல் அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்கு அடுத்தவர் அவர். 1915-இல் கறுப்பினத்தவரின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராய ஒரு சங்கம் அமைத்தார். 1926 பிப்ரவரியில் அந்தச் சங்கத்தின் சார்பில் ஒரு வார காலக் கொண்டாட்டத்தை அறிவித்தார். ஆபிரகாம் லிங்கனின் பிறந்த நாளும், அடிமை ஒழிப்புப் போராளி ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்த நாளாகக் கொண்டாடப்பட்டுவந்த நாளும் அந்த வாரத்தில் வந்தன. கறுப்பின மக்கள் முன்பே கொண்டாடிவந்த நாட்களை ஒட்டியே புதிய வாரத்தை வைத்தது அவருடைய நடைமுறை அறிவு. அறிவித்ததோடு நிற்காமல் படங்கள், பாடத்திட்டங்கள், நாடகப் பிரதிகள் எல்லாவற்றையும் சங்கத்தின் வழியாகப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்பினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல், வாரம் மாதமாக விரிந்தது. அன்றைய குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு அதை ஏற்று அறிக்கை வெளியிட்டார்.

அக்காலத்தில் தென் மாநிலங்களின் பொது நூலகங்களில் பெரும்பாலானவை கறுப்பர்களை உள்ளே விடவில்லை. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1905-இல் கறுப்பினத்தவருக்கென ஒரு கிளை நூலகம் தொடங்கப்பட்டது. 1908-இல் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி வழங்கிய நிதியில் அதற்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. அதை நடத்தியவர் தாமஸ் ஃபவுண்டன் புளூ. பிற ஊர்களிலிருந்து வந்த கறுப்பின இளம்பெண்களுக்கு அவர் அங்கே நூலகப் பயிற்சியும் அளித்தார். இவ்வாறு பிரித்து வைக்கப்பட்ட கிளைகள்தாம் பின்னாளில் உள்ளூர் நினைவின் களஞ்சியங்களாயின. வெள்ளையருக்கான நூலகம் சேர்க்காததை அவை சேர்த்தன. கூட்டம் நடத்த வேறு மண்டபம் கிடைக்காத மக்களுக்குக் கூட்டம் நடத்த இடம் தந்தன. பிரிவினை ஓர் அநீதி என்பதில் ஐயமில்லை. அந்த அநீதிக்குள் அடைபட்டிருந்தவர்கள் கையிலிருந்த சிறு இடத்தைக் கொண்டு எதைச் செய்தார்கள் என்பது வேறொரு வரலாறு; அதுவும் சொல்லப்பட வேண்டியதே.

கறுப்பின மக்கள் பெருமளவில் வாழ்ந்த நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில், 135-ஆம் தெருக் கிளை நூலகத்தில், இந்த வேலை மிகப் பெரிய அளவில் நடந்தது. 1920-இல் அங்கு பணிக்கு வந்த கேத்தரின் லாட்டிமர், நியூயார்க் பொது நூலகத்தின் முதல் கறுப்பின நூலகர். செய்தித்தாள்களிலும் இதழ்களிலும் கறுப்பினத்தவர் பற்றி வந்த துணுக்குகளை வெட்டி, பொருள்வாரியாகக் கோப்புகளில் அவர் சேர்த்துவந்தார். வெளிப்பார்வைக்குச் சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் புத்தகத்தில் ஏறாத மனிதர்களின் தடம் அத்தகைய நறுக்குகளில்தான் மிஞ்சுகிறது. கண்ணாடிப் பேழைக்குள் வைக்க ஏதாவது இருக்கிறதென்றால், யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார் என்பதுதான் காரணம். 1921 முதலே அந்தக் கிளையில் கறுப்பின ஓவியர்களின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1926-இல் ஆர்ட்டுரோ ஷொம்பர்க்கின் தொகுப்பு அங்கே வந்து சேர்ந்தது.

ஷொம்பர்க் 1874-இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். கறுப்பினத்தவருக்கு வரலாறு கிடையாது, வீரர்கள் கிடையாது, சொல்லிக்கொள்ளும் செயல்கள் கிடையாது என்று பள்ளிப் பருவத்தில் ஆசிரியர் ஒருவர் சொன்னது அவர் மனத்தில் முள்ளாகத் தைத்தது. நியூயார்க்குக்கு வந்து வங்கி ஒன்றின் அஞ்சல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, அந்தக் கூற்றைப் பொய்யாக்கும் சான்றுகளை வாழ்நாள் முழுவதும் தேடினார். 5,000-க்கும் மேற்பட்ட நூல்கள், 3,000 கையெழுத்துப் படிகள், 2,000 செதுக்குப் படங்கள், பல்லாயிரம் துண்டு வெளியீடுகள் எனச் சேர்ந்த அந்தத் தொகுப்பை, கார்னகி அறக்கட்டளை தந்த 10,000 டாலரில் நூலகம் வாங்கிக்கொண்டது. பிற்காலத்தில் ஷொம்பர்க்கே அதன் காப்பாளராக 1932 முதல் 1938-இல் இறக்கும்வரை பணியாற்றினார். சொல்லால் மறுப்பதைக் காட்டிலும் பொருளை எடுத்து முன்னே வைப்பது வலிமையானது என்று அவர் நம்பினார். காட்சிப் பேழையின் தருக்கமும் இதுவே.

சிகாகோவின் தென்புறத்தில் 1932-இல் திறக்கப்பட்ட ஜார்ஜ் கிளீவ்லண்ட் ஹால் கிளை நூலகம், ஓர் உள்ளூர்க்காரரின் பெயராலேயே அமைந்தது. ஹால் அப்பகுதியின் பிராவிடண்ட் மருத்துவமனையில் அறுவை மருத்துவர். நகர நூலகக் குழுவில் உறுப்பினராகவும் இருந்தவர். அதன் தலைமை நூலகராக அமர்ந்த விவியன் ஹார்ஷ், அந்நகர நூலக அமைப்பில் அப்பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினப் பெண். நூலகச் செலவுத் திட்டம் தனித் தொகுப்புக்குப் போதுமானதாக இல்லாதபோது, அறக்கட்டளை ஒன்றின் நல்கையைப் பெற்றுத் தென் மாநிலங்களுக்குப் பயணம் செய்து நூல்களைத் திரட்டினார். லாங்ஸ்டன் ஹியூஸ், ரிச்சர்டு ரைட், குவென்டலின் புரூக்ஸ் போன்ற கறுப்பின எழுத்தாளர்கள் அந்தக் கிளையில் படித்தார்கள். அங்கு நடந்த கூட்டங்களில் பேசினார்கள். நூலகம் ஒருபுறம் சாதனையாளர்களைக் காட்சிக்கு வைத்தது. மறுபுறம் அடுத்த தலைமுறைச் சாதனையாளர்கள் அதே மேசைகளில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளூர்ச் சாதனையாளர் ஒருவரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புலப்படுவதில்லை. 1850, 1860 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகள் தனிப் பட்டியலில் பதியப்பட்டார்கள். அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும், அடிமையின் வயதும் பாலும் நிறமும் இருக்கும், பெயர் பெரும்பாலும் இராது. 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயரோடு இடம்பெறுகிறார்கள். குடும்ப வரலாறு தேடும் பலரும் அந்த ஆண்டில் வந்து முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். அதன் பிறகும் பெரிய நாளிதழ்கள் கறுப்பினத்தவரின் திருமணங்களையும் மரணங்களையும் அரிதாகவே வெளியிட்டன. வெளியிட்டபோதும் தனிப் பத்தியில் ஒதுக்கின. ஆகவே நூலகர்கள் வேறு வழிகளில் தேட வேண்டியிருக்கிறது. கறுப்பினத்தவரே நடத்திய சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற வார இதழ்களில் தொலைதூரச் சிற்றூர்களின் செய்திகளும் வந்தன. அவற்றோடு நகர முகவரி நூல்கள், தேவாலய ஆண்டு மலர்கள், பள்ளி மலர்கள், தொழிற்சங்க அட்டைகள் ஆகியவையும் உண்டு.

இவற்றுள் எனக்கு மிகவும் அருமையானதாகத் தோன்றுவது இறுதிச் சடங்கு அன்று வந்தவர்களுக்குக் கொடுக்கப்படும் அச்சிட்ட மடிப்புத் தாள். இறந்தவரின் படம், பிறந்த ஊர், பெற்றோர் பெயர், படித்த பள்ளி, செய்த வேலை, சார்ந்திருந்த சபை, விட்டுச்சென்ற உறவுகள் என ஒரு முழு வாழ்க்கை வரலாற்றை அது நான்கு பக்கங்களில் தாங்கியிருக்கும். நம் ஊரில் அச்சிட்டு ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைவிடப் பல மடங்கு விரிவானது. பைபிளுக்குள் செருகி வீடுகளில் பாதுகாக்கப்பட்ட இந்தத் தாள்களை அட்லாண்டாவின் ஆபர்ன் அவென்யூ ஆய்வு நூலகம் சேர்த்திருக்கிறது. அவை மின்னாக்கமும் செய்யப்பட்டிருக்கின்றன. நாளிதழ் எழுத மறுத்ததை அந்தச் சமூகம் தன் செலவில் தானே அச்சிட்டுக்கொண்டது என்பதற்கு அந்தத் தொகுப்பு சான்று.

உள்ளூர்க் காட்சி எவ்வளவு ஆழமாகப் போக முடியும் என்பதற்கு டென்வர் நகரை எடுத்துக்கொள்ளலாம். கொலராடோ மாநிலத்தின் அந்நகரில் ஃபைவ் பாயிண்ட்ஸ் என்பது கறுப்பின மக்கள் நெடுங்காலம் வாழ்ந்த பகுதி. ஜாஸ் இசை அரங்குகளால் 'மேற்கின் ஹார்லம்' என்று பெயர் பெற்றது. அங்கே 2003-இல் பிளேர்-கால்டுவெல் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வு நூலகம் திறக்கப்பட்டது. (தமிழ் வாசகர்களின் நினைவுக்கு உடனே வரும் கால்டுவெல் அல்லர் இவர், 1955-இல் டென்வர் நகர்மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவரான எல்வின் கால்டுவெல். பிளேர் என்பவர் அந்நகரப் பள்ளிக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவரான ஓமர் பிளேர்.) டென்வரின் முதல் கறுப்பின மேயர் வெலிங்டன் வெப்பும் அவருடைய மனைவியும் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவருமான வில்மா வெப்பும் முன்னின்று இதை உருவாக்கினார்கள். கீழ்த்தளம் வழக்கமான கிளை நூலகம், அடுத்த தளத்தில் ஆவணங்கள், மேல்தளத்தில் காட்சியகம். பாடப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த சிறுமி இரண்டு மாடி ஏறினால் தன் பகுதியின் வரலாற்றுக்குள் நுழைந்துவிடலாம். இந்த அமைப்பு சரியானது என்பேன். அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு ஒருவர் திட்டமிட வேண்டும், நூலகத்துக்கு அன்றாட வேலையாகவே போகிறார்.

அந்நகரம் போற்றும் உள்ளூர்ச் சாதனையாளர்களுள் மருத்துவர் ஜஸ்டினா ஃபோர்டு முதன்மையானவர். 1871-இல் இலினாய் மாநிலத்தில் பிறந்து, 1899-இல் சிகாகோவில் மருத்துவப் பட்டம் பெற்று, 1902-இல் டென்வருக்கு வந்தவர். உரிமம் பெறச் சென்றபோது, உங்களிடம் கட்டணம் வாங்குவதே எனக்கு நேர்மையாகப் படவில்லை என்று அதிகாரி சொன்னதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்: பெண்ணாகவும் கறுப்பினத்தவராகவும் இருப்பவரிடம் யார் மருத்துவம் பார்க்க வரப்போகிறார்கள் என்பது அதன் பொருள். நகர மருத்துவமனை அவரைத் தன் மருத்துவர்களுள் ஒருவராகச் சேர்க்க மறுத்தது. அவர் வீடுகளுக்கே சென்று பிரசவம் பார்த்தார். அரை நூற்றாண்டில் ஏறத்தாழ 7,000 குழந்தைகள் அவர் கையில் பிறந்தன. கறுப்பர்கள் மட்டுமல்லர், மெக்சிகோவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் குடியேறிய ஏழைக் குடும்பங்களும் அவரை நாடின. பணம் இல்லாதவர்கள் கோழியும் காய்கறியும் கொடுத்தார்கள். கொலராடோ மருத்துவச் சங்கம் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது 1950-இல். இரண்டு ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார்.

இந்த வாழ்க்கையைப் பேழைக்குள் வைக்கும்போது 'டென்வரின் முதல் கறுப்பினப் பெண் மருத்துவர்' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். பல காட்சிகள் அப்படித்தான் முடித்துவிடுகின்றன. 'முதல்' என்ற சொல் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால், இவருக்கு முன் வந்திருக்கக்கூடியவர்களைத் தடுத்தது யார் என்ற கேள்வி நிற்கிறது. ஃபோர்டு வீடு வீடாகப் போன அதே 1920-களில் டென்வரின் மேயர் வெள்ளையின மேலாதிக்கத்தை நிலைநாட்ட முயன்ற கு கிளக்ஸ் கிளான் அமைப்பில் உறுப்பினர். 1924-இல் அந்த அமைப்பின் ஆதரவோடு ஒருவர் மாநில ஆளுநராகவே வென்றார். இதைச் சொல்லாத காட்சி ஃபோர்டின் உழைப்பைக் குறைத்துக் காட்டிவிடுகிறது. அவர் எந்தக் காற்றுக்கு எதிராக நடந்தார் என்பது தெரிந்தால்தான் நடந்த தொலைவும் தெரியும். எனவே, சாதனையாளரின் படத்துக்குப் பக்கத்தில் அவரை மறுத்த நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். கசப்பைத் தூண்டுவது இதன் நோக்கமன்று. ஊரின் பதிவேடு அப்போதுதான் முழுமை பெறுகிறது.

ஃபோர்டு வாழ்ந்த வீடு 1984-இல் இடிபடவிருந்தது. அதை அப்படியே பெயர்த்து வேறொரு தெருவில் நிறுத்திக் காப்பாற்றினார்கள். இன்று அங்கே கறுப்பின அமெரிக்க மேற்குப் பகுதி அருங்காட்சியகம் இருக்கிறது. அதை நிறுவியவர் பால் ஸ்டூவர்ட் என்ற முடிதிருத்துநர். கறுப்பர்களில் கௌபாய் கிடையாது என்று சிறுவயதில் விளையாட்டுத் தோழர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். வளர்ந்த பிறகு உண்மையான கறுப்பின மாடுமேய்ப்பர்களைக் கண்டதும், தம் கடையில் முடி வெட்டிக்கொள்ள வந்த முதியவர்களிடம் கதை கேட்டுப் பதியத் தொடங்கினார். பழைய படங்களும் சேணங்களும் கடையிலேயே சேர்ந்தன. ஷொம்பர்க்கின் ஆசிரியரும் ஸ்டூவர்ட்டின் தோழர்களும் சொன்னது ஒன்றேதான். இருவரும் பதில் சொன்ன விதமும் ஒன்றேதான்.

காட்சி அமைப்பதில் கவனிக்க வேண்டிய சிலவும் உண்டு. வீடுகளிலிருந்து இரவல் வாங்கும் படங்களை நகலெடுத்துவிட்டு மூலத்தை உடனே திருப்பித் தருவது நல்லது. பழைய தாளும் படமும் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் மட்டுமன்று, கறுப்பினக் குடும்பங்களின் உடைமைகள் நிறுவனங்களின் கையில் காணாமல் போன அனுபவம் பல ஊர்களில் இருப்பதாலும்தான். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அடையாளம் காட்டக்கூடிய முதியவர்களைக் காட்சி திறக்குமுன் அழைத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அந்தக் கூட்டம் காட்சியைவிடப் பயன் தரும். பிப்ரவரி முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குள் போய்விடுகிறது என்ற குறை நியாயமானது. அந்தக் குறையை நீக்குவது ஆண்டு முழுவதும் பேழையைத் திறந்துவைப்பதால் மட்டும் நடக்காது. பெயர்களும் நகல்களும் நிலையான கோப்பாக மாறி, தேடு பட்டியலில் ஏறி, அடுத்து வரும் மாணவர் கேட்டால் எடுத்துத் தரும் நிலையில் இருக்க வேண்டும். லாட்டிமர் செய்தது அதைத்தான்.

வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியா நகரில் 1939 ஆகஸ்ட் 21 அன்று ஐந்து கறுப்பின இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பொது நூலகத்துக்குள் நுழைந்து உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுக்கப்பட்டதும், ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனித்தனி மேசையில் அமர்ந்து படிக்கத் தொடங்கினார்கள். ஒழுங்கீனமாக நடந்துகொண்டதாகக் குற்றம்சாட்டி அவர்களைக் காவலர்கள் கைது செய்தார்கள். இதைத் திட்டமிட்டவர் அந்த நூலகத்துக்கு அருகில் வசித்த 26 வயது வழக்கறிஞர் சாமுவேல் டக்கர். நகராட்சி தன் நூலகத்தைத் திறந்துவிடவில்லை. மறு ஆண்டில் கறுப்பினத்தவருக்கென ராபர்ட் ராபின்சன் நூலகம் என்ற சிறு கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தது. அதற்கான உறுப்பினர் அட்டையை ஏற்க டக்கர் மறுத்துக் கடிதம் எழுதினார். அந்தச் சிறு கட்டடம்தான் இன்று அலெக்சாண்டிரியாவின் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகம். நகரின் தொடக்கப் பள்ளி ஒன்று டக்கரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்த ஐவர் மீதான வழக்கில் நீதிபதி தீர்ப்பே வழங்கவில்லை என்பது எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது. 2019-இல் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. வில்லியம் எவன்ஸ், ஆட்டோ டக்கர், எட்வர்டு கேடிஸ், மோரிஸ் மரே, கிளாரன்ஸ் ஸ்ட்ரேஞ்ச் என்பன அவர்களுடைய பெயர்கள்.